பட்டாளத்துத் தம்பிக்குக் கூரை எங்கே?

ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் கொடி நாள் வருகிறது. 1949 முதல் இந்த வழக்கம். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளின் சட்டையில் ஒரு சின்னக் கொடியைக் குத்திவிட்டுக் காசு வாங்கிக் கொள்கிறார்கள். சித்தாள் வேலைக்குப் போகிற தாயும், மூட்டை தூக்குகிற தகப்பனும் மறுக்காமல் கொடுத்தனுப்புகிறார்கள். கொடுக்க வேண்டியதுதான்; அதில் நமக்கு மாறுபட்ட கருத்தில்லை. ஆனால் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, இதே பெங்களூரில் இரவு தலைசாய்க்க இடமின்றித் திரிகிற தமிழனுக்கு அந்த நிதியிலிருந்து என்ன போய்ச் சேருகிறது, போய்ச் சேராவிட்டால் அது எங்கே நின்றுவிடுகிறது என்று கேட்பதற்கும் அந்தக் காசைக் கொடுத்த நமக்கு உரிமை உண்டு.

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் சங்கத்தின் வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சலவை செய்த சட்டை, மழித்த முகம். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் உறை போட்டுச் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால், உள்ளே பட்டாளத்து டிஸ்சார்ஜ் புக். "இதுல எனக்கு எதனா வருமான்னு பாத்துச் சொல்லுங்க ஐயா. இல்லேன்னாலும் பரவால்ல, தெரிஞ்சிக்கிட்டாப் போதும்" என்றார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. டீ வரவழைத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தான். 1970-இல் மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து, அல்சூர் ஏரிக்கரையில் உள்ள அதன் மையத்தில்தான் பயிற்சி பெற்றார். 1971 யுத்தத்தில் பாலம் கட்டிய பிரிவில் இருந்தார். தகப்பனார் இறந்து, மூன்று தங்கைகள் கரையேறாமல் நின்றதால் 1980-இல் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். பத்து ஆண்டுச் சேவை. ஓய்வூதியம் கிடையாது. கையில் கிடைத்த பணம் முதல் தங்கையின் கல்யாணத்தோடு தீர்ந்தது. பிழைக்க மறுபடி இதே ஊருக்கு வந்தார். இம்முறை பட்டாளத்தானாக அல்ல, கட்டட வேலைக்காரனாக. கை தளர்ந்ததும் செக்யூரிட்டி வேலை. பல வருஷம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் இரவும் பகலும் இருந்தார். ஏஜென்சிக்காரன் ஒரு நாள், வயதாகிவிட்டது என்று நிறுத்திவிட்டான். வேலை போன அதே மாலையில் அறையும் போயிற்று. மனைவி இறந்துவிட்டார். மகள் ஒற்றை அறை வீட்டில் நான்கு பேரோடு இருக்கிறாள்; "மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லமாட்டாரு. எனக்குத்தான் மனசு வரல" என்றார்.

அல்சூரில் ஒரு கடைத் திண்ணையில் படுத்துக் கொள்வதாகச் சொன்னார். விடியற்காலையில் பட்டாள மையத்திலிருந்து பிகில் சத்தம் வருமாம். "இன்னிக்கும் அந்தச் சத்தம் கேட்டா எழுந்து உக்காந்துடுறேன்."

இவருடைய பெயரை நாம் இங்கே எழுதவில்லை. பெயர் தெரிந்து ஆவது ஒன்றுமில்லை, இவரைப் போன்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. ஏனென்றால் யாரும் எண்ணவில்லை. 2011 ஜனத்தொகைக் கணக்கு, இந்தியாவில் வீடற்றவர்கள் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் என்று சொல்லியது. அவர்களில் எவர் எப்போதாவது சீருடை அணிந்திருந்தார் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

நம் வாசகர்களில் இளையவர்கள் சிலருக்கு, பெங்களூர்த் தமிழர்களுக்கும் பட்டாளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் சாதாரணமானதல்ல. 1809-இல் வெள்ளைக்காரர்கள் இங்கே கண்டோன்மென்டை அமைத்தபோது மதராஸ் படைகளோடுதான் நம்மவர்கள் பெருவாரியாக வந்தார்கள். சிப்பாயாக வந்தவர்கள் உண்டு. சிப்பாய்க்குத் துணி வெளுக்கவும், சமைக்கவும், குதிரைக்குப் புல் அறுக்கவும், பாரம் சுமக்கவும் வந்தவர்கள் அதைவிட அதிகம். அந்தப் பகுதியை இன்றும் கன்னட மக்கள் 'தண்டு' என்கிறார்கள். தண்டு என்றால் படை. அல்சூரும், சிவாஜிநகரும், மர்ஃபி டவுனும், ஆஸ்டின் டவுனும் தமிழ் பேசுகிற பேட்டைகளானது இப்படித்தான். பின்னால் மில்லுக்கும் தொழிற்சாலைக்கும் கட்டட வேலைக்கும் வந்த நாமெல்லாம் இவர்கள் போட்ட பாதையில் வந்தவர்கள்.

மதராஸ் சாப்பர்ஸ் 1780-இல் இரண்டு கம்பெனிப் பயனியர்களோடு தொடங்கிய படை. வழி போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, மற்றப் படைகளுக்கு முன்னால் போவது இவர்கள் வேலை. வடக்கத்தியார்தான் வீரக்குலம், மதராஸிக்குப் போர் வராது என்று கட்டிவிட்ட காலத்தில், மதராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. சாப்பர்களை மட்டும் கலைக்க மனம் வரவில்லை, ஏனெனில் அவர்கள் வேலையைச் செய்ய வேறு ஆளில்லை. உலகத்துப் போர்க்களங்களில் எல்லாம் முள்வேலி தகர்க்கப் பயன்பட்ட 'பெங்களூர் டார்பிடோ' 1912-இல் இந்தப் படையில்தான் உருவானது. 1944-இல் இத்தாலியில், காஞ்சிபுரத்துப் பக்கத்துச் சுபேதார் சுப்ரமணியன் வெடிக்கப் போன கண்ணியின் மேல் தானே விழுந்து தன்னோடு இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் விட்டார். ஜார்ஜ் சிலுவை அவர் இறந்த பின் வழங்கப்பட்டது. பட்டாளம் முழுவதும் இந்தச் சாப்பர்களைக் கூப்பிடும் பெயர் 'தம்பி'. தமிழ் தெரியாத பஞ்சாபி அதிகாரியும் தம்பி என்றுதான் கூப்பிடுவான்.

நினைவுச் சின்னங்களுக்கு இந்த ஊரில் குறையில்லை. பிரிகேட் ரோடு முனையில் முதல் யுத்தத்தில் மாண்ட பயனியர்களுக்கான தூண் நிற்கிறது. பசவேசுவரா சர்க்கிள் பக்கத்துப் பூங்காவில் 75 அடி உயரத்தில் ஒற்றைக்கல் வீரக்கல் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். இன்னும் ஒன்று சொல்கிறோம்: பெங்களூர் என்ற பெயர் முதன்முதலாகக் காணப்படுவதாகச் சொல்லும் பேகூர்க் கல்வெட்டே, சுமார் 890-ஆம் ஆண்டில் 'பெங்களூர்ச் சண்டை'யில் செத்துப்போன ஒருவனைப் பற்றியதுதான். செத்த வீரனுக்குக் கல் நடுவது தமிழனுக்கும் கன்னடனுக்கும் பொதுவான பழைய பழக்கம். சாகாமல் திரும்பி வந்தவனுக்கு என்ன செய்வது என்பதில்தான் இரண்டு அரசாங்கங்களுக்கும் குழப்பம்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கப் பொதுவாகப் பதினைந்து ஆண்டுச் சேவை வேண்டும். ஏழு வருஷம், பத்து வருஷம் இருந்து வெளியே வந்தவனுக்கு மாதப் பணம் கிடையாது. மாதப் பணம் இல்லை என்றால் 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் அவனைப் போன்ற சிப்பாய்க்குப் பெரும்பாலும் கிடையாது. 2015-இல் வந்த 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' என்ற ஆணையைப் பற்றி எவ்வளவோ பேசினார்கள். ஓய்வூதியமே இல்லாதவனுக்கு அதில் என்ன இருக்கிறது? 'முன்னாள் படைவீரர்' என்ற பெயருக்கே ஓர் இலக்கணம் வைத்திருக்கிறார்கள். அது வெளியே வந்த தேதியைப் பொறுத்து மாறும். 1987 ஜூலை 1-க்குப் பிறகு, ஓய்வூதியம் கிடைக்கும் முன் தானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவனுக்கு அந்தப் பெயரும் கிடையாது. தேதி முந்தியதாக இருந்ததால் நம் பெரியவர் தப்பினார்.

ஓய்வூதியம் உள்ளவர்கள் பாடு சுகம் என்று எண்ண வேண்டாம். முப்பத்தைந்து, நாற்பது வயதில் வெளியே அனுப்பப்படுகிறான். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் பெங்களூரில் படிக்கின்றன. கையில் உள்ள மொத்தத் தொகையைக் கொடுத்து ஒரு வீட்டை 'லீஸ்' எடுக்கிறான். வீட்டுக்காரன் அதே வீட்டைப் பாங்கில் அடமானம் வைத்துக் கடனைக் கட்டாமல் விட்டால், ஏலத்துக்கு வருகிறவன் லீஸ்காரனைக் கேட்பதில்லை. இப்படிப் பணமும் வீடும் போன குடும்பங்களை நம் உறுப்பினர்களிலேயே காட்டலாம். விதவைகள் நிலை இதிலும் மோசம். கல்யாணம் ஆன செய்தியைப் படைப்பிரிவில் 'பார்ட் டூ ஆர்டர்' போட்டுப் பதியவில்லை என்றால் குடும்ப ஓய்வூதியத்துக்கு வருஷக்கணக்கில் நடக்க வேண்டும். நம் பெயர் முறையும் ஒரு சங்கடம். 'கே. முனுசாமி' என்று சேர்ந்தவனைப் பட்டாளத்தில் 'குப்பன் முனுசாமி' என்றோ 'முனுசாமி குப்பன்' என்றோ எழுதியிருப்பார்கள். ஆதார் அட்டையில் இன்னொரு விதம், பாங்குப் புத்தகத்தில் வேறொரு விதம். இன்றைக்கு எல்லாம் கம்ப்யூட்டரில் பொருந்திப் பார்க்கிற காலம். ஓர் எழுத்து இடம் மாறினால் பணம் நின்றுவிடுகிறது.

இவையெல்லாம் இந்தியா முழுவதும் உள்ள தொல்லைகள். புலம்பெயர்ந்த தமிழனுக்கு மட்டும் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைத்தான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தோம்.

படைவீரனை வேலைக்கு எடுத்தது டெல்லி. ஆனால் வெளியே வந்தபின் அவன் நலனைக் கவனிப்பது மாநில அரசாங்கத்தின் இலாகாவும் ஜில்லா போர்டும். மனை, நிலம், பிள்ளைகள் படிப்புக்குச் சலுகை, மாநில அரசு வேலையில் பங்கு எல்லாம் மாநிலத்தின் கையில். கர்நாடகத்து 1969-ஆம் ஆண்டு நில வழங்கு விதிகளில் படைவீரர்களுக்கென்று ஒதுக்கீடு உண்டு. நகர்ப்புற மனை ஒதுக்கீட்டிலும் ஒரு பங்கு உண்டு. ஆனால் மாநிலங்கள் பொதுவாகத் தம் மண்ணைச் சேர்ந்தவருக்கே இவற்றைத் தருகின்றன. நம் பெரியவரை இங்குள்ள ஓர் அலுவலகத்தில், "உங்கள் சொந்த ஜில்லாவுக்குப் போய்க் கேளுங்கள்" என்றார்களாம். பஸ் ஏறிப் போனார். அங்கே, "நாற்பது வருஷமாய்க் கர்நாடகத்தில் இருக்கிறீர், ரேஷன் கார்டு அங்கே, ஓட்டு அங்கே, இங்கே எப்படித் தர முடியும்?" என்றார்களாம். இரண்டு பேர் சொன்னதும் சட்டப்படி சரியாகவே இருக்கலாம். இரண்டு சரிகளுக்கு நடுவில் மனிதன் திண்ணையில் படுத்திருக்கிறான்.

எல்லையில் அவன் நின்றபோது, நீ தமிழ்நாட்டுக்காகக் காவல் நிற்கிறாயா, கர்நாடகத்துக்காக நிற்கிறாயா என்று யாரும் கேட்டதில்லை.

இதைக் கன்னடர்களுக்கு எதிரான பேச்சாக எவரும் திரித்துவிட வேண்டாம். பெல்காமிலும் குடகிலும் பிறந்து, மும்பையில் வாட்ச்மேன் வேலை பார்த்து முதுமை அடைந்த கன்னடச் சிப்பாய்க்கும் இதே கதிதான். 1991-ஐயும் 2016-ஐயும் பார்த்தவர்கள் நாம். காவிரிப் பிரச்சினை வந்தபோதெல்லாம் எந்த வீதியில் எந்தக் கடை எரிந்தது என்பது நமக்கு மறக்கவில்லை. அதனாலேயே, இரு மொழிக்காரனும் ஒரே வரிசையில் நிற்கிற இடத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்கிறோம்.

டெல்லி கொடுப்பது என்ன? கேந்திரிய சைனிக் போர்டு என்ற மத்திய ஸ்தாபனம், கொடி நாள் நிதியிலிருந்து, ஓய்வூதியம் இல்லாத, 65 வயதைக் கடந்த, வேறு வருமானமற்ற, ஹவில்தார் வரையிலான படைவீரர்களுக்கும் விதவைகளுக்கும் வறுமை மானியம் கொடுக்கிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை 2025 அக்டோபரில் 8,000 ஆக்கினார்கள். அந்த நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு இது பொருந்தும். இரட்டிப்பாக்கியதை வரவேற்கிறோம். இது சொந்த மாநிலம் பார்த்துக் கொடுக்கிற பணமல்ல. எந்த ஜில்லாவில் பதிவு செய்திருக்கிறாரோ அந்த ஜில்லா மூலம் கேட்கலாம். பதிவையும் ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்கு மாற்றிக் கொள்ளலாம். நம் பெரியவருக்கு இந்த மானியம் பல வருஷத்துக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும். இப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் ஏறி இறங்கிய இரண்டு அலுவலகங்களிலும் ஒருவரும் சொல்லவில்லை.

தெரிந்திருந்தாலும் இன்னொரு முடிச்சு இருக்கிறது. அடையாள அட்டை வேண்டும். அட்டைக்கு விலாசம் வேண்டும். கடைத் திண்ணைக்கு விலாசம் உண்டா? வீடில்லாதவனுக்கு உதவப் பணம் வைத்திருக்கிறார்கள். அதை வாங்க முதலில் வீடு வேண்டும்!

வீட்டுக்கென்றே உள்ள உதவிகளைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. போரில் ஊனமுற்றவர்களுக்கும், மாண்டவர்களின் குடும்பங்களுக்கும், வீடு கட்டப் பாங்கில் வாங்கும் கடனில் ஒரு லட்ச ரூபாய் வரைக்குமான வட்டியில் பாதியைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. ஒரு லட்சத்தில் பெங்களூரில் கக்கூஸ் கட்ட முடியுமா என்று மேஸ்திரிகள்தாம் சொல்ல வேண்டும். ராணுவ வீட்டு வசதி நிறுவனம் 1978 முதல் பல ஊர்களில் அடுக்குமாடி கட்டுகிறது; அது பணம் கட்டுகிறவர்களுக்கான ஏற்பாடு. ஜில்லாத் தலைநகரங்களில் சைனிக் ரெஸ்ட் ஹவுஸ்கள் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் வருகிறவன் சில நாள் தங்கிவிட்டு வீடு திரும்ப வேண்டும். திரும்ப வீடு இல்லாதவனுக்கு அங்கே இடமில்லை. முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்குக் கிர்க்கியிலும் மொகாலியிலும் நல்ல நிலையங்கள் உள்ளன. அவற்றைக் குறை சொல்ல மாட்டோம். முதுகு முறியாமல் வாழ்க்கை மட்டும் முறிந்தவனுக்குத்தான் ஒன்றுமில்லை.

இனி நகராட்சி. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுநெறி, ஒரு லட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கக்கூடிய ஒரு நிரந்தர விடுதி வேண்டும் என்கிறது. பெங்களூர் மாநகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கிலேயே 84 லட்சம். 84 விடுதி இருக்க வேண்டும். நகரம் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. இதற்கிடையே 2025 செப்டம்பரில் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்துக் கிரேட்டர் பெங்களூரு ஆணையம் என்ற ஒன்றை மேலே வைத்துவிட்டார்கள். இனி எந்த விடுதி எந்த மாநகராட்சியின் பொறுப்பு என்று கேட்கவே ஓர் அலைச்சல். இன்னொரு பக்கம், 1975-ஆம் ஆண்டுப் பிச்சை ஒழிப்புச் சட்டம். கோயில் வாசலில் படுத்திருப்பவரை வண்டியில் ஏற்றி மாகடி ரோட்டு நிலையத்தில் கொண்டுபோய் விடலாம். அந்த நிலையத்தில் 2010 ஆகஸ்டில் அடுத்தடுத்து ஆட்கள் மாண்டதும், ஊரே அதிர்ந்ததும் பத்திரிகைகளில் வந்தது. இதற்காகச் சொத்து வரியோடு சேர்த்து நூற்றுக்கு மூன்று வீதம் வசூலிக்கிறார்கள். பணம் இல்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. அந்த வண்டியில் ஏற்றப்படும் முதியவரிடம், "நீங்கள் பட்டாளத்தில் இருந்தவரா?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். அந்த நாட்டின் யுத்தங்களை நாம் ஆதரிக்கிறவர்கள் அல்ல. வியட்நாமில் அவர்கள் செய்ததை இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஆண்டுதோறும் ஜனவரியில் ஓர் இரவு தெருவில் படுத்திருப்பவர்களை எண்ணுகிறார்கள். எண்ணும்போது படையில் இருந்தாரா என்றும் கேட்கிறார்கள். 2010-இல் வீடற்ற முன்னாள் படைவீரர்கள் 74 ஆயிரம் பேர் என்று கணக்கு வந்தது. எண்ணிக்கை தெரிந்தபின் அதை மூடி மறைக்க முடியவில்லை. வாடகையில் பெரும்பகுதிக்கு ஒரு சீட்டு, கூடவே அவரைத் தொடர்ந்து வந்து பார்த்து மருந்துக்கும் வேலைக்கும் வழி சொல்ல ஓர் ஊழியர் என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2024 ஜனவரிக் கணக்கில் 33 ஆயிரத்துக்கும் குறைவு. அதே ஆண்டு அந்த நாட்டில் மொத்த வீடற்றவர் எண்ணிக்கை கூடியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் பெருகும்போதே இவர்கள் குறைந்தார்கள் என்றால், செய்தால் நடக்கும் என்றுதானே பொருள்?

நம் தோழர்கள் சிலரே ஒரு கேள்வி கேட்டார்கள். "கட்டடத் தொழிலாளி தெருவில் படுத்தால் தெருவில்தான் படுக்கிறான். சிப்பாய்க்கு மட்டும் என்ன தனிச் சலுகை? உழைத்தவன் எல்லாம் ஒன்றுதானே?" நியாயமான கேள்வி. சிப்பாய் மேல், சித்தாள் கீழ் என்று நாம் எண்ணவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கட்டடத் தொழிலாளி போய்க் கேட்டால் முதலாளி கான்டிராக்டரைக் காட்டுவான், கான்டிராக்டர் மேஸ்திரியைக் காட்டுவான், மேஸ்திரி ஊரைவிட்டுப் போயிருப்பான். பட்டாளத்தானுக்கு எசமான் அரசாங்கமேதான். அவன் பெயர், நம்பர், உயரம், உடம்பில் உள்ள மச்சம் வரை எழுதி ரெக்கார்ட் ஆபீஸில் வைத்திருக்கிறது. தெரியாது என்று கைவிரிக்க அதற்கு வழியே இல்லை. கைவிரிக்க முடியாத எசமானிடம் முதலில் வாங்குவோம். அதைக் காட்டி மற்ற எசமான்களிடம் கேட்போம்.

இது பழைய ஆட்களோடு தீர்ந்து போகிற விஷயமுமல்ல. 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்தது. நான்கு வருஷச் சேவை; நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்களுக்கு, வட்டியும் சேர்த்துச் சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஓய்வூதியம் இல்லை, 'முன்னாள் படைவீரர்' என்ற பெயரும் இல்லை. முதல் அணியினரின் நான்கு வருஷம் 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும் முடிகிறது. வேலூர் ஜில்லாக் கம்மவான்பேட்டை போன்ற, வீட்டுக்கு வீடு பட்டாளத்தான் உள்ள ஊர்களிலிருந்து போன பிள்ளைகளும் இதில் இருக்கிறார்கள். வேலை தேடி அவர்கள் எங்கே வருவார்கள்? வேலூரிலிருந்து பஸ் ஏறினால் பெங்களூர்தான். 1980-இல் பெரியவர் வந்து நின்ற அதே இடத்தில், அவருக்கு இருந்த பெயர்கூட இல்லாமல் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

ஆகவே நாம் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. இரவு விடுதியிலும், சர்க்கார் ஆஸ்பத்திரியிலும், மாகடி ரோட்டு நிலையத்திலும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டு, ஆம் என்று சொல்பவரின் நம்பரைச் சைனிக் நல இலாகாவுக்கு எழுதி அனுப்பட்டும். விடுதியின் விலாசத்தையே அடையாள அட்டைக்கு விலாசமாக ஏற்கட்டும். பத்து வருஷம் கர்நாடகத்தில் குடியிருந்து ஓட்டும் போட்ட படைவீரனை, எங்கே பிறந்தாலும் கர்நாடகத்துப் படைவீரனாகவே நடத்தட்டும். பெங்களூரில், ஆதரவற்ற வயோதிகப் படைவீரர்களும் அவர்களுடைய விதவைகளும் சாகும்வரை தங்கக்கூடிய இல்லம் ஒன்று வேண்டும். இந்த நகரத்தின் நடுவில் ராணுவத்துக்குச் சொந்தமான நிலம் எவ்வளவு என்பதை எம்.ஜி. ரோட்டில் பஸ்ஸில் போகிறவன்கூடப் பார்க்கிறான். அதில் ஓர் ஏக்கர் போதும். தமிழ்நாட்டு அரசாங்கம் தன் மண்ணில் பிறந்தவர்களுக்கு ஆகும் செலவை ஏற்கட்டும். வெள்ளைக்காரன் காலத்து ஸ்டேஷன் நிர்வாகம்கூட ஏழைத் தொழிலாளிகளுக்காக மர்ஃபி டவுனில் வீடு கட்டியது. நாம் அவனைப் புகழவில்லை. அவனுக்குத் தன் வேலை நடக்க வேண்டியிருந்தது. ஆனால் கட்டினான்.

பெரியவர் விஷயம் என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்பார்கள். பதிவைப் பெங்களூருக்கு மாற்ற எழுதிப் போட்டோம். விலாசத்துக்கு நம் சங்கத்தின் விலாசத்தையே கொடுத்தோம். மானியத்துக்கான விண்ணப்பமும் போயிருக்கிறது. இதை எழுதுகிற வரைக்கும் பதில் இல்லை. சங்கக் கட்டடத்தின் பின்னறையைக் காலி செய்து அவருக்குக் கட்டில் போட்டிருக்கிறோம். இரும மருந்து வாங்கிக் கொடுத்தால் காசை எழுதி வைக்கச் சொல்கிறார், பணம் வந்ததும் தருவாராம்.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்குச் சங்கத்தில் இதற்கென்று இருவர் உட்காருவார்கள். உங்கள் வீதியில், நீங்கள் வேலை செய்கிற கட்டடத்தின் செக்யூரிட்டி அறையில், கோயில் வாசலில், இப்படி எவரையேனும் பார்த்தால் மரியாதையாகக் கேட்டு அழைத்து வாருங்கள். டிஸ்சார்ஜ் புக், ஆதார் அட்டை, பாங்குப் புத்தகம், விதவையானால் கணவரின் இறப்புச் சான்று, இருப்பதை எடுத்து வரட்டும். டிஸ்சார்ஜ் புக் தொலைந்திருந்தால் கவலையில்லை. படை நம்பரை எந்தப் பட்டாளத்தானும் மறப்பதில்லை. அந்த நம்பரை வைத்து ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிக் கேட்கலாம். சாப்பர்களுக்கு அது இந்த ஊரிலேயே இருக்கிறது, மதராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு வெலிங்டனில்.